கொடுங்கோல் இளம் ராஜாவைப் புத்திசாலி ராணி திருத்த முடியுமா? (பகான் நாடகம், யோசனை தேவை)

நாடகக்கொட்டகை எழுதியது:
தை மாசம் சங்க மண்டபத்தில் போட 90 நிமிஷ நாடகம் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகன் பர்மாவின் பழைய பகான் ராஜ்யத்து ராஜா நரதீகபதே. 1256இல் பட்டத்துக்கு வரும்போது 18 வயசு. முன்கோபி, கொலைக்கு அஞ்சாதவன். ராணி சோ, ஊரே மெச்சும் அறிவாளி. அவள் பேச்சால் அவன் மனசு மாறி நல்ல ராஜா ஆகிறான் என்று முடிக்க நினைக்கிறேன்.

நடிகர்கள் 9 பேர். மேடை 24 அடி அகலம், 16 அடி ஆழம். செட் மாற்ற ஆள் கிடையாது. பர்மாவின் கடைசி ராஜா திபோ, அவன் ராணி சுபயாலாத் கதையை இங்கே குழந்தைக்கும் தெரியும் என்பதால் விட்டுவிட்டேன். இந்த முடிவு நம்புகிற மாதிரி இருக்கா? எந்தெந்த நிகழ்ச்சியை எடுக்கலாம்?

தலாக்கரை எழுதியது:
தம்பி, நல்ல ஆளைப் பிடித்தீர்கள். முடிவுதான் தலைகீழ். நரதீகபதே திருந்தவே இல்லை. 1287இல் ப்ரோமில் சொந்த மகன் தீகதூ விஷம் வைத்துக் கொன்றான். பர்மியர் இன்றைக்கும் அவனைச் சீனனுக்குப் பயந்து ஓடிய ராஜா என்றுதான் சொல்கிறார்கள். மண்டபத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பர்மியப் பள்ளியில் படித்தவர்கள். அவன் திருந்தினான் என்று காட்டினால் இடைவேளையிலேயே சிரித்துவிடுவார்கள்.

முதலில் அவன் எப்படி ராஜா ஆனான் என்று பாருங்கள். அப்பா உசனா ராஜா. அம்மா கடைசல்காரர் மகள், பட்டத்தரசி இல்லை. முறைப்படி வாரிசு பட்டத்தரசியின் மகன் தீகதூ (மேலே சொன்ன மகனுக்கும் இதே பெயர், நாடகத்தில் ஒருவர் பெயரை மாற்றிவிடுங்கள்). அந்த இளவரசன் ஒருநாள் முதலமைச்சர் யாசதிங்ஜான் மேல் வெற்றிலை எச்சிலைத் துப்பினான். அந்த அவமானத்தை மனசில் வைத்திருந்த அமைச்சர், உசனா இறந்ததும் அவனை ஒதுக்கிவிட்டு, கேட்பாரற்றுக் கிடந்த நரதீகபதேயைத் தூக்கி வைத்தார். சொன்னபடி கேட்பான் என்று கணக்கு.

கணக்கு எங்கே பிசகியது? தன்னைத் தூக்கி வைத்தவனால் இறக்கவும் முடியும் என்பது பையனுக்குப் புரிந்துவிட்டது. கோபுரம் கட்டும்வரைதான் சாரம், கட்டி முடித்தால் பிரித்துவிட வேண்டியதுதான் என்று சொல்லி அமைச்சரை நாடு கடத்தினான். எங்கே? நம்ம தலாவுக்கு! ரங்கூனிலிருந்து படகேறி அக்கரை போகிறோமே, அதே தலா. பிறகு மர்த்தபானில் கலகம் வந்ததும் அவரையே கெஞ்சிக் கூப்பிட்டான். கிழவர் போய் அடக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் செத்துப்போனார்.

இவனுடைய கொடுமைக்கு வேர் பயம். அந்தப் பயத்துக்கு நியாயமான காரணமும் இருந்தது. ராணி எவ்வளவு நயமாகப் பேசினாலும் அந்தக் காரணம் அங்கேயேதான் நிற்கும். திருத்த முடியுமா என்று கேட்கிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.

மோல்மேன்_அக்கா எழுதியது:
தலாக்கரை அண்ணன் சொன்னதோடு திபோவை வைத்துப் பாருங்கள், அச்சு அசல் அதே. விட்டுவிட்டேன் என்று சொல்லாதீங்க தம்பி.

1866இல் வாரிசாக இருந்த கனௌங் இளவரசர் கொலையான பிறகு, திபோவின் அப்பா மின்டோன் ராஜா வேறு வாரிசே அறிவிக்கவில்லை. 1878 செப்டம்பரில் ராஜா படுக்கையில் விழுந்ததும் சின்பியூமாஷின் ராணி, அப்பா பார்க்கக் கூப்பிடுகிறார் என்று சொல்லி இளவரசர்களை வரவழைத்துப் பிடித்து அடைத்தாள். நியாங்யான், நியாங்கோக் இரண்டு பேர் மட்டும் வெள்ளைக்காரன் ரெசிடென்சிக்குள் ஓடித் தப்பினார்கள். மந்திரி கின்வுன் மிங்ஜிக்கு வேண்டியது தலையாட்டும் ராஜா. மந்திரிமார் கையில் அதிகாரம் வரவேண்டும் என்று ஐரோப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்த ஆள் அவர். திபோ மடத்தில் படித்த சாதுப்பிள்ளை, 19 வயசு. அம்மா அரண்மனையை விட்டு விலக்கப்பட்டவள், பின்னால் ஆள்பலம் இல்லை. அதனாலேயே அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். 1879 பிப்ரவரியில் அரச குடும்பத்தில் சுமார் 80 பேர் கொல்லப்பட்டார்கள்.

பாட்டு நோட்டீஸ்காரர்கள் எல்லாம் சுபயாலாத் தூண்டினாள் என்று எழுதிவிட்டார்கள். அப்போது அவளுக்கும் 19 வயசுதான். உத்தரவுக்குப் பின்னால் நின்றவர்கள் அவள் அம்மா சின்பியூமாஷினும் மந்திரி தைங்டா மிங்ஜியும். மண்டலேயைப் பிடிக்க ஒரு பேய் ராணி கதை இங்கிலாந்துப் பத்திரிகைகளுக்கு வசதியாக இருந்தது. அதற்காக அவள் பூனைக்குட்டி என்றும் நான் சொல்லவில்லை. ராஜா மனசு வைத்த தைங் கின் கின்னைக் கொல்லவைத்தவள் அவள்தான்.

புத்திசாலி மனைவிக்கும் ராஜாவுக்கு உள்ள அதே பயம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இவர்கள்தான் சாட்சி. உயிரோடு விட்ட ஒவ்வொரு இளவரசனும் தன் பிள்ளைக்கு எமன் என்று நினைக்கிறவளிடம் கருணைப் பேச்சு எங்கிருந்து வரும்?

நாடகக்கொட்டகை எழுதியது:
அக்கா, அண்ணே, ரெண்டு பேருக்கும் நன்றி. அப்போ ராணியால் ஒன்றுமே முடியாதா? கைகட்டி நிற்கும் பாத்திரத்தை வைத்து 90 நிமிஷம் ஓட்ட முடியாதே. அவள் என்ன *செய்யலாம்* என்று சொல்லுங்கள்.

மோல்மேன்_அக்கா எழுதியது:
நிறையச் செய்யலாம். குணத்தை விட்டுவிடுங்கள், அவன் வாயிலிருந்து உத்தரவு புறப்பட்டு வெட்டுகிறவன் கைக்குப் போய்ச் சேரும் வழியைப் பாருங்கள். ராணிக்கு அங்கேதான் வேலை.

பிற்காலக் கொன்பௌங் (திபோவின் வம்சம்) அரண்மனையில் அந்த வழி நன்றாகத் தெரியும். ராஜா சொன்னதை உள்சபையான பியேதைக்கில் இருக்கும் அத்வின்வுன்கள் (உள்மந்திரிகள்) வாங்குவார்கள். அங்கிருந்து வெளிச்சபையான லுட்டோவுக்குப் போகும், அங்கே நாலு வுன்ஜிகள் (பெரிய மந்திரிகள்). பிறகு எழுத்தர், பிறகு ஆள். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் தாமதம் பண்ணலாம். பகான் காலத்தில் இதே பெயர்கள் கிடையாது, ஆனாலும் ராஜாவே கத்தி எடுக்காதவரை நடுவில் ஆட்கள் உண்டு.

சோ லோன் கதையைப் பாருங்கள். அவளும் நரதீகபதேயின் ராணி. திஞ்ஜான் (புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) சமயத்தில் ராஜா வேடிக்கைக்காக ஒரு பணிப்பெண்ணை ஏவி அவள் தலையோடு தண்ணீரை ஊற்றவைத்தான். சபை நடுவே அலங்காரம் கலைந்த அவமானத்தில் அவள் சாப்பாட்டில் விஷம் வைத்தாள். நாய் தும்மியது. ராஜா சந்தேகப்பட்டுச் சோற்றை நாய்க்குப் போட்டான், நாய் செத்தது. இரும்புச் சட்டம் செய்து அதில் வைத்து எரிக்கச் சொன்னான். அவள் கொல்லர்களுக்குக் காசு கொடுத்து வேலையை ஏழு நாள் இழுக்கவைத்து, அந்த ஏழு நாளும் அபிதம்மம் என்ற பௌத்த மறையைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது ராஜவம்ச வரலாறு. எட்டாம் நாள் உத்தரவு நிறைவேறியது.

தாமதம் சாத்தியம், பார்த்தீர்களா. ஆனால் தாமதம் மட்டும் போதாது. அந்த ஏழு நாளுக்குள் ராஜாவின் கோபத்துக்கு வேறு வடிகால் கிடைக்கவேண்டும், அல்லது மன்னிப்பது அவனுக்கே லாபம் என்று ஆகவேண்டும். அங்கே அதைச் செய்ய ஒருத்தரும் இல்லை. உங்கள் நாடகத்தில் ராணி சோ அந்த ஏழு நாளை எப்படிச் செலவழிக்கிறாள் என்பதை முதல் பாதியாக வையுங்கள். கற்பனைதான், ஆனால் வரலாற்றுக்கு விரோதமில்லை.

தாமதத்துக்கு அடுத்தது பணம். ராணிகளுக்கு ஊர் வருமானம் ஒதுக்கப்படும். அந்தப் பணம் இருந்தால்தான் கொல்லனுக்கும் காவல்காரனுக்கும் கொடுக்க முடியும். அப்புறம் பிக்குகள். ராஜா யார் முன்னால் மண்டியிடுகிறானோ அவர் வாயால் சொல்லவைப்பது, மனைவி சொல்வதைவிடப் பத்து மடங்கு.

பிசகும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ராணி சொன்னாள், ராஜா கேட்டான் என்று அரண்மனையில் பேச்சு வந்தால் அவள் கதை முடிந்தது. அடுத்த தடவை தான் மனைவிக்கு அடங்கினவன் இல்லை என்று காட்டவே அவன் ரெண்டு பேரைக் கூடுதலாக வெட்டுவான்.

சங்கு எழுதியது:
வசனத்துக்கு நம் வீட்டுச் சரக்கு இருக்கும்போது எங்கே தேடுகிறீர்கள்? புறநானூறு 46.

சோழன் கிள்ளிவளவன் (குளமுற்றத்துத் துஞ்சியவன்) பகைவன் மலையமானின் சின்னப் பிள்ளைகளை யானைக் காலில் இட ஏற்பாடு செய்துவிட்டான். கோவூர்கிழார் வந்து நிற்கிறார். பாட்டில் நீ கொடியவன் என்ற சொல் எங்குமே இல்லை. என்ன செய்கிறார்? புறாவுக்காக உடம்பை அறுத்துக் கொடுத்தவன் மரபில் வந்தவன் நீ என்று தொடங்குகிறார். இந்தப் பிள்ளைகளோ, புலவரின் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகிர்ந்து உண்ணும் குடியில் வந்தவர்கள் என்கிறார். அடுத்து வாதத்தை விட்டுவிட்டு கண்ணுக்கு ஒரு காட்சி: யானையைப் பார்த்த வியப்பில் பிள்ளைகள் அழுகையை மறந்துவிட்டார்கள், பிறகு கூடியிருக்கும் கூட்டத்தைப் பார்த்து மிரள்கிறார்கள். கடைசியில் "கேட்டனை ஆயின்நீ வேட்டது செய்ம்மே". கேட்டாயா, இனி உன் விருப்பம்.

அந்தக் கடைசி வரிதான் வித்தை. முடிவை ராஜா கையிலேயே விட்டுவிடுகிறார். மன்னிப்பது அடங்கிப்போனதாக ஆகாமல், அவனே எடுத்த முடிவாகிவிடுகிறது. அக்கா கடைசியாகச் சொன்ன சிக்கலுக்கு இதுவே மருந்து. உங்கள் ராணியும் 'மன்னியுங்கள்' என்று ஒருமுறைகூடச் சொல்லக்கூடாது.

இன்னொன்று. நம் மரபில் அரசனை இடித்துரைப்பது புலவர் வேலை, அமைச்சர் வேலை. மனைவிக்கு அந்த வேலையைக் கொடுத்த இடம் அரிது. பாண்டியன் அவையில் கோப்பெருந்தேவி கெட்ட கனவைச் சொல்லத்தான் வருகிறாள், அதற்குள் கோவலன் தலை போய்விட்டது.

கல்வெட்டு எழுதியது:
சில எச்சரிக்கைகள்.

ராணி சோ பற்றி நாம் பேசுவதெல்லாம் ஹ்மன்னான் போன்ற ராஜவம்ச நூல்களின் வழி வந்தது. பாஜிதோ ராஜா 1829இல் குழு அமைத்துத் தொகுக்கச் சொன்னது அது. சம்பவங்களுக்கும் நூலுக்கும் இடையே ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல். பகான் கல்வெட்டுகளில் சோ என்ற பெயரோடு ஒன்றுக்கு மேற்பட்ட அரசிகள் வருகிறார்கள். நூல்கள் அவர்களை ஒருத்தியாக்கிவிட்டன என்பதே ஆய்வாளர் கருத்து. ஆகவே நாடகத் துண்டுப்பிரசுரத்தில் 'உண்மைக் கதை' என்று போடவேண்டாம்.

பாஜிதோ அரண்மனையில் அப்போது செல்வாக்கு யாருக்கு? மே நூ ராணிக்கு. சுபயாலாத்தின் பாட்டி. ஆவாவில் செங்கல் மடம் கட்டியவள். அவளும் அவள் சகோதரனுமே ராஜாவை ஆட்டிவைத்தார்கள் என்று ஊர் பேசியது. 1837இல் ராஜாவின் தம்பி தாராவதி ராஜ்யத்தைப் பிடித்தார், 1840இல் மே நூ கொல்லப்பட்டாள். அப்படிப்பட்ட அரண்மனையில் உட்கார்ந்துகொண்டுதான் அறிவாளி ராணி கதையைப் பண்டிதர்கள் எழுதினார்கள். இதை வைத்துப் பெரிய மாளிகை கட்டவும் வேண்டாம். ஹ்மன்னானில் பெரும்பகுதி 1724ஆம் ஆண்டு ஊ கலா எழுதிய வரலாற்றைத் தழுவியது.

நரதீகபதேயின் பெருமைக்கு, அவன் கட்டிய மிங்களாசேதி பகோடாவின் கல்வெட்டே போதும். 3 கோடியே 60 லட்சம் படைவீரருக்குத் தலைவன், தினம் 300 வகைக் கறி உண்பவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவன். முதல் எண்ணைக் கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வடக்குவாசல் எழுதியது:
எல்லாரும் முடியாது முடியாது என்கிறீர்கள். ரஷ்ய ராஜா நான்காம் இவான்? 13 வயசிலேயே ஒரு பிரபுவைக் கொல்லச் சொன்னவன். 1547 ஜனவரியில் முடிசூடினான், பிப்ரவரியில் அனஸ்தாசியாவைக் கட்டினான். அடுத்த 13 வருஷம் சட்டத்தொகுப்பு, சபை, சீர்திருத்தம் என்று நல்ல ஆட்சி. 1560இல் அவள் செத்தாள், 1565இல் ஒப்ரிச்னினா என்ற கொலை ஆட்சி. இதைவிட என்ன சாட்சி வேணும்?

மோல்மேன்_அக்கா எழுதியது:
அந்த 13 வருஷம் அவள் மட்டுமா பக்கத்தில் இருந்தாள்? சில்வெஸ்டர் பாதிரியார், அதாஷெவ் என்று நல்ல ஆலோசகர்கள் இருந்தார்கள். 1547 ஜூனில் மாஸ்கோ எரிந்தபோது, இது உன் பாவத்துக்குத் தண்டனை என்று இவானை மிரட்டி வழிக்குக் கொண்டுவந்தவர் சில்வெஸ்டர் என்பார்கள். அவள் இறந்த அதே 1560இல்தான் அவர்களும் ஒதுக்கப்பட்டார்கள். எது காரணம் என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

மனைவிக்கு விஷம் வைத்துவிட்டார்கள் என்று இவான் நம்பினான். பிற்காலத்தில் அவள் எச்சங்களைச் சோதித்ததில் பாதரசம் அதிகமாகவே இருந்தது. மருந்திலும் முகப்பூச்சிலும் பாதரசம் கலந்த காலம் என்பதால் அதுவும் முடிவில்லை. ஆனால் கவனியுங்கள், அவள் சாவே அவன் அடுத்த கொலைகளுக்குச் சாக்காகிவிட்டது. திருந்தினவன் செய்கிற காரியமா அது?

வடக்குவாசல் எழுதியது:
13 வருஷம் எத்தனை பேர் தலை தப்பியது என்றும் பார்க்கணும் இல்லையா அக்கா. அவன் மனசு மாறாவிட்டால் என்ன, தலை தப்பினவனுக்கு அதுவே போதும்.

மோல்மேன்_அக்கா எழுதியது:
அது சரி. அதை ஒத்துக்கொள்கிறேன்.

தலாக்கரை எழுதியது:
வடக்குவாசல் தம்பி சொன்னதே நாடகத்துக்கு அச்சாணி. அவள் திருத்தவில்லை, சிலரைக் காப்பாற்றினாள்.

இரண்டாம் பாதிக்குச் சரக்கு தருகிறேன். 1277இல் ஙசௌங்ஜான் போரில் மங்கோலியரிடம் தோல்வி. 1285இல் ராஜா தெற்கே பாசினுக்கு ஓட்டம். பிறகு பகானுக்குத் திரும்பலாமா என்று கேட்கும்போது ராணி வெளுத்துவாங்குகிறாள்: உன்னைச் சுற்றி மக்களே இல்லை, உன் ஆட்சிக்கு அஞ்சி ஊருக்குள் வரமாட்டேன் என்கிறார்கள்; நாட்டின் வயிற்றைத் துளைக்காதே, கண்ணைப் பிடுங்காதே, கொம்பை முறிக்காதே, கைகாலை வெட்டாதே என்று முன்பே சொன்னேன், நீ கேட்கவில்லை. ஹ்மன்னானிலேயே மிகச் சிறந்த பேச்சு அது. சங்கு சொன்ன இதமான முறைக்கு நேர் எதிர். ஏன் இப்போது மட்டும் வாய் திறக்கிறாள்? ராஜாவிடம் வெட்டுவதற்கு ஆளே இல்லை. அவளுக்கு இப்போதுதான் பயமில்லை.

1287 ஜூலை, ப்ரோம். மகன் படையோடு சூழ்ந்துகொண்டு விஷச் சோற்றை அனுப்புகிறான். ராஜா தயங்குகிறான். வாளால் வெட்டுப்பட்டு ரத்தம் வழியச் சாவதைவிட இதை உண்டு சாவது மேல் என்று ராணியே சொல்கிறாள். கணையாழியைக் கழற்றி அவளிடம் கொடுத்து, இனி எந்தப் பிறவியிலும் எனக்கு ஆண்பிள்ளை வேண்டாம் என்று நீர்வார்த்து வேண்டிக்கொண்டு சாப்பிடுகிறான்.

அவள் அதோடு ஓயவில்லை. 1289இல் ராஜாவின் இன்னொரு மகன் கியாவ்ஸ்வா பட்டத்துக்கு வந்ததற்குப் பின்னால் அவள் கை உண்டு. அவனும் சரிப்படவில்லை என்றதும் மியின்சைங் சகோதரர் மூவரோடு சேர்ந்து 1297 டிசம்பரில் அவனை இறக்கிவிட்டாள். புருஷனோடு 30 வருஷம் பட்ட பாட்டில் கற்றதை அடுத்தவனிடம் வெறும் 8 வருஷத்தில் பிரயோகித்துவிட்டாள், அவ்வளவுதான்.

மேடைமணி எழுதியது:
கதை முடிந்தது என்றால் வேலைக்கு வருவோம். 9 பேர், செட் மாற்ற ஆள் இல்லை.

வயசுப் பிரச்சினை முதலில். ராஜா 18இல் தொடங்கி 49இல் சாகிறான். ஒரே நடிகருக்கு நரைமுடி வைக்கப் பின்மேடையில் 10 நிமிஷமாவது வேணும். இடைவேளையை அங்கேயே போடுங்கள். முதல் பாதி 50 நிமிஷம், இரண்டாம் பாதி 40. முதல் பாதியில் பட்டம், அமைச்சரைத் தலாவுக்கு அனுப்புவது, சோ லோனின் ஏழு நாள். இரண்டாம் பாதியில் ஓட்டம், ராணி பேச்சு, விஷம், கடைசியாக 5 நிமிஷம் கியாவ்ஸ்வா. போரை மேடையில் காட்டவே வேண்டாம், தூதுவன் வாயால் போதும்.

நெருப்பும் வேண்டாம். துணி மண்டபம், மின்விசிறி வேறு. இரும்புச் சட்டத்தைக் காட்டாமல், ஏழு நாளும் கொல்லன் சம்மட்டிச் சத்தத்தை மட்டும் பின்னாலிருந்து கொடுங்கள். நாள் போகப்போக அடி மெதுவாக விழவேண்டும், காசு வாங்கியவன் அடிக்கிற அடி அது. கடைசி நாள் வேகமாக.

சைங்வைங் (பர்மிய வாத்தியக் குழு) வைக்க ஆசைப்படுவீர்கள். அதில் பட்வைங் என்ற மேள வட்டத்திலேயே 21 மேளம். அதை மேடைமேல் ஏற்றினால் 24 அடியில் ராஜாவுக்கு நிற்க இடமிருக்காது. கீழே இடப்பக்கம் தரையில் வையுங்கள், வசனத்தின்போது வாசிக்கக்கூடாது என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். அவர்களுக்குக் கை சும்மா இருக்காது.

300 கறிக்கு 12 மூடிபோட்ட கிண்ணங்கள் போதும். ஒரே ஆள் திரும்பத்திரும்ப உள்ளே போய் வந்தால் கூட்டம் எண்ணாது.

நாடகக்கொட்டகை எழுதியது:
எல்லாருக்கும் கும்பிடு. முடிவை மாற்றுகிறேன்: அவன் திருந்தமாட்டான். சோ லோனுக்காக ராணி சோ ஏழு நாள் ஓடுகிறாள், தோற்கிறாள். ஆனால் அந்த ஓட்டத்தில் சோ லோனின் பணிப்பெண்கள் ரெண்டு பேரைத் தப்பவைத்துவிடுகிறாள் (இது என் கற்பனை, நோட்டீஸில் போட்டுவிடுகிறேன்). சங்கு ஐயா சொன்ன முறையில் ஒரு காட்சி, இரண்டாம் பாதியில் அந்தக் கோபப் பேச்சு.

ஒரே சந்தேகம் மேடைமணி அண்ணே, நாயை என்ன செய்வது? ஒரு வீட்டு நாய் கிடைக்கும், சாதுவான நாய்தான்.

மேடைமணி எழுதியது:
வேண்டவே வேண்டாம். மேடையில் சோறு இருந்தால் எந்த நாயும் விஷக் காட்சி வரைக்கும் காத்திருக்காது. பலகைக்கு அடியில் ஒரு பையனை உட்காரவைத்துத் தும்மச் சொல்லுங்கள். ராஜா கிண்ணத்தைக் கீழே தள்ளட்டும், ஒரு முனகல், அமைதி. தும்மலுக்கும் ராஜா கை நிற்பதற்கும் நடுவே மூன்று எண்ணும் நேரம் விடுங்கள். முதல் தும்மலுக்கு ஜனம் சிரிக்கும், அந்தச் சிரிப்பு அடங்கினபிறகுதான் ராஜா சோ லோன் பக்கம் திரும்பணும்.

கல்வெட்டு எழுதியது:
கணையாழியை ராஜா விரலில் முதல் காட்சியிலிருந்தே போட்டுவிடுங்கள். கடைசியில் திடீரென்று முளைத்தால் ஒட்டாது. பகான் என்பதால் அரபு நாட்டு மாடல் வேண்டாம், வழவழப்பான மாணிக்கக் கல் போதும்.